சரோஜா கண்ணன் தங்கிய ஹோட்டல்

போன மாதம் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசையில் என் பெயரைக் கேட்டார்கள். நான் வேறு ஒருத்தியின் பெயரைச் சொன்னேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. தானாக வந்தது. "சரோஜா கண்ணன்" என்று வாய் சொல்லிவிட்டது. அதுவும் எப்படி... முதுகை நிமிர்த்தி, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்து, அளவாகச் சிரித்து. யாரோ இருத்திவைத்துப் பழக்கிய மாதிரி.

பழக்கியதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

மேசைக்குப் பின்னால் நின்ற இளம்பெண் கம்பியூட்டரில் தேடினாள். சரோஜா கண்ணன் இல்லை. அவள் முன்னால் என் கனடா பாஸ்போட் விரிந்து கிடந்தது. பாஸ்போட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் பாஸ்போட்டைப் பார்த்தாள்.

நான் ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில் சொந்த வீடு உள்ளவள். ஒழுங்காக வரி கட்டுகிறவள். பத்திரிகையில் உங்களுக்கெல்லாம் வாராவாரம் புத்தி சொல்கிறவள். அப்படிப்பட்ட நான் ஓடலாமா என்று வாசலைப் பார்த்தேன் — சத்தியமாக.

பக்கத்தில் நின்ற மெர்சி முழங்கையால் என் விலாவில் ஒன்று வைத்தாள்.

"உன்ர பேரைச் சொல்லடி," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

சொன்னேன். நீண்ட பயணம், களைப்பு, வயது என்று ஆங்கிலத்தில் அளந்தேன். அந்தப் பெண் சிரித்தாள். "கரிபு" என்றாள் — அவர்கள் மொழியில் நல்வரவு. இரண்டு இளநீர் வந்தது. அறைத் திறப்பு தந்தார்கள். கள்ளி பிடிபடவில்லை.

இந்த மேசைக்கு நாங்கள் வந்த கதையைச் சொல்கிறேன். எழுதலாமா என்று மெர்சியிடம் கேட்டேன். எழுது, ஆனால் என் பெயரைப் போடாதே என்றாள். ஆகவே மெர்சி என்பது அவள் பெயர் இல்லை. இந்தப் பத்தியிலும் அவளுக்குக் கள்ளப் பெயர்தான். பழக்கப்பட்ட ஆள், தாங்குவாள்.

மெர்சி மன்னார்ப் பக்கம். நான் யாழ்ப்பாணம். நாட்டில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். இரண்டு பேருக்கும் இருபது சொச்ச வயது. கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரனின் வீட்டு விறாந்தையில்தான் முதலில் சந்தித்தோம். எங்களைக் கனடாவுக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. நேராக இல்லை... அந்த நாளில் யார் நேராக வந்தார்கள்? சுற்றி வளைத்துக் கென்யாவில் கொண்டுபோய் இறக்கினான்.

அங்கே எங்களுக்குப் பொறுப்பாக நின்றவரைக் குட்டியண்ணை என்று கூப்பிடுவோம். நைரோபி லொட்ஜுகளில் பொலிஸ் வந்து தட்டுகிறது என்று அவருக்குக் கதை வந்துவிட்டது. மனிதர் யோசித்தார். மொம்பாசாவுக்குத் தெற்கே, கடற்கரையோரம், வெள்ளைக்காரர் வெயில் காய வருகிற ஒரு பெரிய ரிசோட் ஹோட்டல். மழைக்காலத்தில் அங்கே ஈ காக்கை இல்லை, அறையும் மலிவு. அங்கே போய் அகதியை யார் தேடுவார்கள்? எங்களை உல்லாசப் பயணிகள் என்று சொல்லிக் கீழ்மாடியில் ஒரு அறையில் கொண்டுபோய் அடைத்தார்.

திரைச்சீலையைத் திறக்கக் கூடாது. கதவைத் தட்டினால் மூச்சுக் காட்டக் கூடாது. தமிழ் வெளியே கேட்கக் கூடாது. இதுதான் அவருடைய சட்டம். காலையில் வருவார் — பாண், அவித்த முட்டை, வாழைப்பழம். வந்து இருந்துகொண்டு பெயர் கேட்பார். பிறந்த ஊர் கேட்பார். அம்மாவின் பெயர் கேட்பார். எல்லாம் அந்தப் பாஸ்போட்டுகளின் சொந்தக்காரிகளுடைய விபரம். படம் மட்டும்தான் எங்களுடையது. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரவேண்டும் என்பார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் எனக்கு வருகிறது என்றால், குட்டியண்ணை எவ்வளவு நல்ல வாத்தியார் என்று பாருங்கள்.

ஒரு மாதத்துக்குக் கிட்ட அந்த அறையில் இருந்தோம். யன்னலுக்கு வெளியே கடல். இரவு பகலாக அலைச் சத்தம். மெர்சி கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். சத்தத்தைக் கேட்டே இப்போது கடல் ஏறுகிறது, இப்போது வற்றுகிறது என்று எனக்குச் சொல்வாள். நான் திரைச்சீலையைப் பார்ப்பேன். அதில் மீன் படம் போட்டிருந்தது.

பிறகு ஒருநாள் விடியற்புறம் ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள். எப்படியோ கனடா வந்து சேர்ந்தோம். விமான நிலையத்திலேயே உண்மையைச் சொல்லி அகதி வழக்குப் போட்டோம், வென்றோம். அந்த ஹோட்டல் கடற்கரையில் ஒரு கால்கூட வைத்ததில்லை.

இனி இந்த வருடத்துக்கு வாருங்கள்.

மெர்சி மிசிசாகாவில் இருக்கிறாள். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை செய்து போன வருடம் ஓய்வு எடுத்தவள். கணவர் ஜோர்ஜ். ஒரே மகள் அனிற்றா — படித்தவள், டவுன்டவுனில் நல்ல வேலை, தாய்மேல் உயிர்.

அனிற்றாவுக்கு மெர்சி சொல்லிவைத்த கதை மிகச் சுத்தமானது. அப்பா முதலில் வந்தார், அம்மாவை ஸ்பொன்சர் பண்ணினார், அம்மா வந்தா. முடிந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டிருக்கிறேன். சின்னப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய் உளறிவிடும் என்று முதலில் சொல்லவில்லையாம். பிறகு சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லையாம். அதற்குப் பிறகு சொல்லாமல் இருப்பதே பழகிவிட்டதாம்.

மெர்சி மட்டுமா? நாங்கள் எல்லோரும் அப்படித்தானே. ஊரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு மணிக்கணக்காகச் சொல்வோம். இங்கே வந்து முதல் பனியில் வழுக்கி விழுந்ததைச் சொல்லிச் சிரிப்போம். நடுவில் உள்ள துண்டைக் கத்தரித்துவிடுவோம். பிள்ளைகள் நினைக்கிறார்கள்... அம்மா அப்பா ஊரில் ப்ளேன் ஏறி இங்கே இறங்கினார்கள் என்று.

ஒருநாள் மெர்சி வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரம் தொலைக்காட்சியில் செய்தி. கள்ளக் கடதாசியில் வந்து அகதி வழக்குப் போட்ட யாரோ சிலரைப் பற்றியது. அனிற்றா பார்த்துக்கொண்டே சொன்னாளாம்:

"அவை சீற் பண்ணி, ஏமாத்தி வந்தவை அம்மா. லைன்ல நிண்டு வாற ஆக்களுக்கு இது ஃபெயர் இல்லை. திருப்பி அனுப்ப வேணும். நீங்கள் ப்ரொப்பரா வந்தனீங்கள்தானே."

கடைசி வசனம்தான் மெர்சிக்குக் குத்தியது. இல்லை பிள்ளை என்று சொல்ல வாயைத் திறந்தாளாம். அடுப்பில் ஏதோ பொங்கிவிட்டது. எழுந்து போய்விட்டாள். திரும்பி வரும்போது செய்தி முடிந்து விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் எனக்குப் போன் எடுத்தாள். அந்த ஹோட்டல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். தேடிப் பார்த்தேன். பெயரை மாற்றி, வெள்ளை அடித்து, நீச்சல் குளத்தைப் பெரிதாக்கி இருந்தார்கள். ஆனால் அதே வளைவு, அதே தென்னை. படத்தை அனுப்பினேன்.

"நான் அங்க போறன்," என்றாள். "அந்தக் கடற்கரையில இருந்துதான் அவளுக்குச் சொல்லுவன். நீயும் வா."

நாலு வசனம் சொல்ல ஆபிரிக்கா வரைக்கும் போக வேண்டுமா? கேட்டேன். வீட்டில் சொல்ல வெளிக்கிட்டால் சோறு பொங்கும், போன் அடிக்கும், ஜோர்ஜ் இருமுவார். அவ்வளவு தூரம் போனால் சொல்லாமல் திரும்ப மனம் வராது என்றாள். அதோடு, பிள்ளை நம்பாமல் விட்டால் இடத்தைக் காட்டலாமாம். அவள் ஒன்றை நினைத்துவிட்டால் பிறகு பேசிப் பயனில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். எல்லாரும் மெக்சிக்கோக் கடற்கரை கன்கூனுக்குப் போகிறார்கள், உங்களுக்கு மட்டும் ஏன் ஒளித்திருந்த இடத்துக்கு விடுமுறை? நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் பெட்டியைக் கட்டினேன். மெர்சி தன் வீட்டில் 'சும்மா ஒரு ஹொலிடே' என்று சொல்லியிருந்தாள்.

பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? முறுக்கு, மிக்சர், சின்ன ரைஸ் குக்கர், மிளகாய்த்தூள், எலுமிச்சங்காய் ஊறுகாய். மூன்று வேளையும் சாப்பாடு தருகிற ரிசோட்டுக்குத்தான்.

அப்படித்தான் அந்த வரவேற்பு மேசைக்கு வந்தோம், நான் சரோஜா கண்ணன் ஆனேன்.

நாங்கள் கேட்டபடி அதே பகுதியில் கீழ்மாடியில் அறை. கடல் பார்த்த பல்கனி. உள்ளே போனோம். பெட்டியை வைத்தோம். மெர்சி நேரே போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினாள். நான் கதவுக்குச் சங்கிலி போட்டேன். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

களைப்பு, கொஞ்சம் படுப்போம் என்றோம். படுத்தோம். எழும்பினோம். வெயில் கூட, பின்னேரம் போவோம் என்றோம். பின்னேரம் காற்று அடித்தது. ரைஸ் குக்கரில் சோறு வைத்து ஊறுகாயோடு சாப்பிட்டோம். வெளியே யாரோ வாத்தியம் வாசிக்கிறார்கள், பிள்ளைகள் குளத்தில் குதிக்கிற சத்தம் கேட்கிறது. நாங்கள் கட்டிலில் இருந்து மிக்சர் சாப்பிட்டுக்கொண்டு குசுகுசு என்று கதைக்கிறோம்.

ஏன் குசுகுசு என்று யோசிக்கவே இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் கதவில் தட்டு. இரண்டு பேரும் அப்படியே உறைந்துவிட்டோம். மெர்சி றிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை நிறுத்தினாள். நான் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கப் பயந்து பிடித்துக்கொண்டே நின்றேன், சத்தம் கேட்டுவிடும் என்று. மறுபடியும் தட்டு. "ஹவுஸ்கீப்பிங்" என்று ஒரு பெண்குரல். மூச்சுக் காட்டவில்லை. அவள் துவாய்களை வாசலில் வைத்துவிட்டுப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மெர்சி என்னைப் பார்த்தாள். நான் மெர்சியைப் பார்த்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. அவளுக்கும் வந்தது. கட்டிலில் விழுந்து, தலையணையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அதிலும் பாருங்கள், வாயைப் பொத்திக்கொண்டுதான்.

சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. குட்டியண்ணைமேலா, என்மேலா தெரியாது. இது எங்களுடைய காசில் எடுத்த அறை, எங்களுடைய சொந்தப் பெயர், இன்னும் யாருக்கு ஒளிக்கிறோம் என்று மெர்சியைப் பிடித்து ஏசினேன். அவள் நியாயம் வைத்திருந்தாள். பல்கனிக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது: குரங்குகள் வரும், கதவைத் திறந்து வைக்காதீர்கள். அதைக் காட்டினாள். ஹோட்டல்காரரே திறக்க வேண்டாம் என்கிறார்கள் பார் என்றாள்.

அவள் பயந்தது குரங்குக்கு இல்லை. மத்தியானம் திரும்பி இரண்டு மணி போல அனிற்றா வீடியோவில் வருவாள் — அங்கே அவளுக்கு விடிகாலை, வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். வந்ததும் பீச்சைக் காட்டுங்கோ அம்மா என்பாள். முதல்நாள் மெர்சி சீலிங் ஃபானைக் காட்டிவிட்டு நெட் சரியில்லை என்று வைத்துவிட்டாள். கடற்கரைக்குப் போனால் சொல்ல வேண்டும். சொன்னால் மகள் என்ன செய்வாளோ? இவ்வளவு காலமும் பொய்யா என்று கேட்டால்? ஒரே பிள்ளை. அவள் முகம் மாறிப்போனால் தாங்க மாட்டேன் என்று மெர்சி என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள்.

"அப்ப சொல்லாமல் திரும்பிப் போவமா?" என்று கேட்டேன்.

மெர்சி அந்த அறிவித்தலை இன்னொரு தரம் வாசித்தாள்.

நான் எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்தேன். பல்கனிக் கதவையும் தள்ளித் திறந்தேன். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. திரும்பி மெர்சியிடம் ஏதோ பெரிதாகச் சொல்ல வெளிக்கிட்டேன் — இப்படியான நேரத்தில் எனக்கு வசனம் தானாக வரும், உங்களுக்குத் தெரியும்.

சொல்லவிடவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு குரங்கு உள்ளே வந்தது. அவசரமே இல்லை அதற்கு. கட்டிலில் ஏறி, மெர்சிக்குப் பக்கத்தில் இருந்த மிக்சர் பையை எடுத்துக்கொண்டு, பல்கனிக் கம்பியில் போய் இருந்தது. கடலைப் பார்த்துக்கொண்டு கச்சான் கடலையை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிச் சாப்பிட்டது.

மெர்சி அதையே கனநேரம் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"உது கூட வெளியில இருந்து சாப்பிடுது," என்றாள். "நாங்கள்தான் உள்ளுக்க இருக்கிறம்."

எழும்பினாள். முகம் கழுவினாள். தலையை இழுத்து முடிந்தாள். போனை எடுத்தாள். சங்கிலியைக் கழற்றியது அவள்தான். பின்பக்கத்தால் கடற்கரைக்குக் கிட்டத்துப் பாதை இருந்தது; அதால் போவோம் என்றேன். வேண்டாம் என்றாள். வரவேற்பு மேசையைக் கடந்து, முன்வாசலால் வெளிக்கிட்டு, தோட்டத்தைச் சுற்றித்தான் போவேன் என்றாள். போனோம். அந்தப் பெண் கையசைத்தாள். நாங்களும் அசைத்தோம்.

கடற்கரைக்கு வந்தால்... கடலைக் காணவில்லை.

உண்மையாகத்தான். வற்று நேரம். அந்தக் கரையில் நீர் வற்றினால் பாறைத்திட்டு வரைக்கும் போய்விடும். கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல், பச்சைப் பாசி, அங்கங்கே குட்டை. அதற்கு அப்பால் ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் கடல். இத்தனை வருடம் கழித்து வந்தால் அது எங்களைப் பார்க்காமல் எழுந்துபோய்விட்டது.

மெர்சி வெறும் காலோடு மணலில் நின்றாள். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். அரிசி மா மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு கரையில் கவிழ்த்துக் கிடந்த ஒரு வள்ளத்தில் ஏறி இருந்தாள். அனிற்றாவின் அழைப்பு வரும்வரை காத்திருக்கவில்லை. தானே எடுத்தாள்.

மகள் திரையில் வந்தாள், ஒரு கையில் கோப்பியோடு. பின்னால் யன்னலில் பனி. கடைசியாகப் பீச் என்று சந்தோஷப்பட்டாள். மெர்சி அவளை இருக்கச் சொன்னாள். இடையில் கதைக்க வேண்டாம் என்றாள். சொல்லத் தொடங்கினாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியைப் பிடித்துக்கொண்டு போனது. தாய் தாலிக்கொடியை விற்றது. கொழும்பு விறாந்தை. குட்டியண்ணை. அழவில்லை, குரல் நடுங்கவில்லை. நான் அவளைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போனைத் திருப்பி அந்தக் கட்டடத்தைக் காட்டினாள்.

"அந்தக் கீழ்மாடி யன்னல் தெரியுதா? அதுக்குள்ளதான் இருந்தனான். கள்ளப் பாஸ்போட்டில. அப்பா என்னை ஸ்பொன்சர் பண்ணேல்லை. நான் எந்த லைன்லயும் நிக்கேல்லை, பிள்ளை."

நெட் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. அனிற்றா கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வேற, அம்மா," என்றாள் கடைசியில். "உங்களுக்கு வோர் நடந்தது. தட்ஸ் டிஃபரன்ற்."

"என்ன வேற?" என்றாள் மெர்சி. "அவைக்கு என்ன நடந்தது எண்டு நீ கேட்டனியா? நான் உன்ர அம்மா. அது ஒண்டுதான் வேற."

அனிற்றா கையில் இருந்த கோப்பியை மேசையில் வைத்தாள். மீற்றிங் இருக்கிறது, போக வேண்டும் என்றாள். திரை கறுத்தது.

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மெர்சி போனைத் துப்பட்டாவில் சுற்றி என்னிடம் தந்தாள்.

"சொல்லிப் போட்டன்," என்றாள். "இனி அவள் கதைச்சாலும் சரி, கதைக்காட்டிலும் சரி. சொன்னதைத் திருப்பி எடுக்க மாட்டன்."

பிறகு கடலைத் தேடி நடந்தோம். பாசியில் நான் இரண்டு தரம் வழுக்கினேன். கரையில் மாலை விற்கிறவர்கள் இந்தியாவா என்று கேட்டார்கள், ஸ்ரீலங்கா என்றோம், ஸ்ரீலங்காவில் இருந்தா வருகிறீர்கள் என்றார்கள், இல்லை, கனடா என்றோம், தலையைச் சொறிந்தார்கள். பாதி வழியில் கடலே எங்களிடம் வரத் தொடங்கியது. கணுக்கால், முழங்கால், இடுப்பு. மெர்சி போட்டிருந்த சல்வாரோடு அப்படியே இருந்துவிட்டாள். கழுத்துவரை தண்ணீர். அப்போதுதான் அழுதாள். நான் தள்ளி நின்றேன். உப்பில் உப்பு, யாருக்குத் தெரியப் போகிறது?

மிச்ச நாட்களில் அனிற்றா எடுக்கவில்லை.

மெர்சி போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளிக்கிற இடத்துக்கும் கொண்டுபோனாள். அடிக்கவில்லை. ஜோர்ஜ்தான் எடுத்தார். பிள்ளை அறைக்குள்ளேயே இருக்கிறாள், அம்மா சொன்னது உண்மையா என்று வந்து என்னிடமும் கேட்டாள், நான் ஓம் எண்டு சொன்னன் என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

நாங்கள் மூன்று வேளையும் சாப்பாட்டு மண்டபத்தில், கடலைப் பார்த்த முதல் மேசையில் இருந்து சாப்பிட்டோம். தேங்காய்ப்பால் சோறு, மீன் கறி. உறைப்புக் கொஞ்சம் குறைவு, மற்றபடி எங்கள் கைப்பக்குவம். தமிழில் சத்தமாகக் கதைத்தோம். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்துவிட்டு வேறு மேசைக்குப் போனது. போகட்டும். எங்களுக்கு நிலுவை இருந்தது, ஒரு மாதத்துச் சத்தம்.

ரொறன்ரோவில் வந்து இறங்கினால், விமான நிலைய வாசலில் அனிற்றா. கையில் தாயின் குளிர் ஜக்கெற். போட்டுவிட்டாள், ஸிப்பையும் இழுத்துவிட்டாள். காரில் பனியைப் பற்றிக் கதைத்தாள், ஹைவே நெரிசலைப் பற்றிக் கதைத்தாள். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னை இறக்கிவிடும்போது மெர்சி முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காதே என்று கண்ணால் சொன்னாள்.

அதற்குப் பிறகும் ஒன்றும் இல்லை. சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா — அவ்வளவுதான். மெர்சிக்கு நித்திரை இல்லை. பிழை செய்துவிட்டேனா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அவள் நெஞ்சுறுதிக்கு என் சல்யூட்.

போன ஞாயிறு மெர்சி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. என்னையும் இவரையும் கூப்பிட்டிருந்தாள். ஜோர்ஜின் பழைய நண்பர் ஒருவரும் வந்திருந்தார், அனிற்றா அங்கிள் என்று கூப்பிடுகிறவர். இரண்டு கடை, மூன்று வீடு, பெரிய குரல். நல்ல மனிதர்தான், எங்கே மரண வீடு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஜோர்ஜும் அவரும் வந்த புதிதில் ஒரே பேஸ்மென்டில் பாய் போட்டுப் படுத்தவர்கள்.

ஆட்டுக்கறி வந்தது. அங்கிளுக்குக் கதையும் வந்தது. இப்போது வருகிற கூட்டத்தால் வாடகை ஏறிவிட்டது, ஆஸ்பத்திரியில் இடமில்லை, எல்லாம் கள்ளக் கடதாசி, அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது... உங்களுக்கும் தெரிந்த கதைதான். போன சனிக்கிழமை நீங்களும் எங்கேயோ கேட்டிருப்பீர்கள். சிலர் சொல்லியும் இருப்பீர்கள். பிடிச்சுத் திருப்பி அனுப்ப வேணும் என்று முடித்தார். ஒரு பெரிய கவளம் உருட்டி வாயில் வைத்தார்.

மெர்சி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோர்ஜ் தண்ணீரைக் குடித்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். என் வீட்டுக்காரர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

அனிற்றா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அங்கிள்," என்றாள், மிகவும் மரியாதையாக. "நீங்கள் எப்பிடி வந்தனீங்கள்?"

கவளம் நின்றுவிட்டது. அங்கிள் ஜோர்ஜைப் பார்த்தார். ஜோர்ஜ் கூரையைப் பார்த்தார். அங்கிள் வாயைக் காட்டி, கையை ஆட்டி, சோறு நிறைய இருக்கிறது என்று சைகை செய்தார்.

"பரவாயில்லை அங்கிள், ஆறுதலாச் சாப்பிட்டிட்டுச் சொல்லுங்கோ," என்றாள். "ஐ ஹாவ் டைம்." சொல்லிக்கொண்டே கதிரையை இழுத்துத் தாய்க்குப் பக்கத்தில் போட்டு இருந்தாள்.

அங்கிள் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார்.